எதுக்குங் அம்மிணி ஓடறீங்க?

போன டிசம்பரில் ஒரு ரீல் என் வட்டத்தில் எல்லோருடைய கைபேசிக்கும் வந்துபோனது. ஏதோ ஒரு வடக்கத்திய நாடு. ராத்திரி விழுந்த புதுப்பனி, இன்னும் யாரும் மிதிக்காதது. பைன் மரங்களுக்கு நடுவில் ஒரு ஒற்றையடித்தடம். அதில் இரண்டு பெண்கள் மெதுவாக ஓடுகிறார்கள். பேசிக்கொண்டே ஓடுகிறார்கள். ஒருத்தி வழுக்கி விழுகிறாள். மற்றவள் அவளைத் தூக்காமல் நின்று சிரிக்கிறாள். பிறகு இருவரும் மறுபடி ஓடுகிறார்கள். அவ்வளவுதான் ரீல். என் பெரியப்பா பையன், ஆபீஸ் டீம் லீட், ஊரில் உரக்கடை வைத்திருக்கும் மாமா, எல்லோரும் அதற்கு இதயம் விட்டிருந்தார்கள். "வாழ்ந்தா இப்படி வாழணும்" என்று மாமா அதை ஸ்டேட்டஸில் வேறு வைத்திருந்தார்.

அதே மாதம், அதே காரியத்தை, நானும் என் சிநேகிதியும் காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு இட்டேரியில் செய்தோம். அதே மாமா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்: "எதுக்கு இந்தப் புள்ளைக வெடியால ஓடுதுக? ஏதாச்சும் பிரச்சனையா?"

மாமா நல்லவர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கேள்விமேல் இருக்கிறது. இரண்டு வருஷமாக அதைத் தின்று செரிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பனி. தமிழில் அந்த ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். புல் நுனியில் நிற்பதும் பனி, கண்ணை மறைக்கிற மூட்டமும் பனி, ஊட்டியில் உறைவதும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி. ஆறு பருவத்தில் இரண்டுக்கு நாம் பனியின் பெயரை வைத்திருக்கிறோம்: மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி. கடுங்குளிர் என்றால் என்னவென்றே தெரியாத சமவெளி ஜனங்கள் வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பனிக்கு எழுதி வைத்திருக்கிறோம் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே படும். டிசம்பர் கடைசியானால் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் போட்டோ பேப்பரில் வரும். உடனே கோயம்புத்தூரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கார்கள் மலையேறும். பனியைப் பார்க்க நாற்பது கிலோமீட்டர், ஐம்பது கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவில் போகிறவர்களிடம் யாரும் எதுக்கு என்று கேட்பதில்லை.

எங்கள் பக்கத்துப் பனி ஏழைப் பனி. உறையாது. ஐப்பசி கார்த்திகை மழை நின்று, மண்ணில் ஈரம் மிச்சமிருந்து, வானம் மூட்டமில்லாமல் திறந்துகிடக்கிற ராத்திரிகளில் தரை குளிர்ந்துபோகும். விடியும்போது பள்ளமான இடங்களில் எல்லாம் வெள்ளையாகத் தேங்கி நிற்கும். கொறங்காட்டில் அதைப் பார்க்க வேண்டும். கொறங்காடு தெரியாதவர்களுக்கு: காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் மாடும் ஆடும் மேய்வதற்கென்றே விட்டுவைத்த நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப்புல். காங்கேயம் காளையின் உடம்பு இந்தப் புல்லில் செய்தது. இரண்டு கொறங்காட்டு வேலிகளுக்கு நடுவே மாடு ஓட்டிப்போக, வண்டி போக விட்ட சந்துதான் இட்டேரி. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை, காலுக்கடியில் செம்மண்ணும் சுக்காங்கல்லும். வெளிநாட்டுக்காரன் டிரெயில் என்று சொல்லி அதற்கென்று தனியாகச் செருப்பு விற்கிறானே, அது. நம்மிடம் நூற்றாண்டுகளாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுவோம். நான் சரவணம்பட்டியில் வேலை செய்கிறேன், சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி ஊருக்கு வருவேன். அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், ஞாயிறு ஒரு நாள்தான் லீவு, அதுவும் எக்ஸ்போர்ட் ஆர்டர் அவசரமில்லாத வாரங்களில். ஐந்தே காலுக்கு அவள் வாசலில் நிற்பேன். இரண்டு பேரும் அவள் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன டீ-ஷர்ட்தான் போட்டிருப்போம். "பனிக்குப் பனியன்" என்பாள் ஒவ்வொரு முறையும். ஒவ்வொரு முறையும் சிரிப்பதற்கு நானும் ஒருத்தி இருக்கிறேன்.

வேகம் என்று எதுவும் கிடையாது. போன வாரத்துக் கதை முழுசாகச் சொல்லி முடிக்கிற வேகம். மூச்சு வாங்கினால் கதை நிற்கும், கதை நின்றால் கால் நிற்கும். கவுதாரி ஒன்று வேலிக்கடியிலிருந்து படபடவென்று கிளம்பினால் இரண்டு பேரும் கத்துவோம். புல் கதிரெல்லாம் நனைந்து குனிந்திருக்கும், முழங்காலுக்குக் கீழே பேண்ட் சொட்டச் சொட்ட ஈரமாகிவிடும். மூட்டத்துக்குள் தூரத்துக் காத்தாடியின் சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டுத் தெரியும், காத்தாடியே தெரியாது. ஒரு கடவில் நின்று தண்ணீர் குடிப்போம். திரும்புவோம். மொத்தம் ஐந்து கிலோமீட்டர் இருக்கலாம்.

இதற்குத்தான் காரணம் கேட்கிறார்கள்.

பால் சொசைட்டிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போகிற அத்தை ஒருவர் முதல் வாரமே நிறுத்திக் கேட்டார், "எதுக்குங் அம்மிணி ஓடறீங்க?" உடம்புக்குங்கத்தே என்றேன். "உடம்புக்கு என்னாச்சு?" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்றதும் அவர் முகத்தில் தெரிந்த சந்தேகத்தை மறக்கவே முடியாது. உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது, மறைக்கிறார்கள். அடுத்த வாரம் அம்மாவிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் விசாரித்திருக்கிறார். அதற்கடுத்து வெயிட் குறைக்க என்று சொல்லிப் பார்த்தேன். அது நன்றாக வேலை செய்தது. எல்லோருக்கும் உடனே புரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஏனென்றால் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலேயே ஆறு மாதம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஷூ வாங்க அப்பாவே பணம் கொடுத்தார்.

அந்த ஆறு மாதத்தில்தான் எனக்குப் புரிந்தது. காரணம் என்பது பதில் இல்லை, பஸ் பாஸ். அதில் காலாவதித் தேதி இருக்கிறது. வெயிட் குறைக்க ஓடுகிறவள் வெயிட் குறைந்ததும் நிற்க வேண்டும். கல்யாணத்துக்காக ஓடுகிறவள் கல்யாணத்தோடு நிற்க வேண்டும். குழந்தை பிறந்தபிறகு மறுபடி ஒரு ஆறு மாதம் பாஸ் புதுப்பிக்கலாம். சுகர் வந்தபிறகு டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஆயுள் முழுக்க நடக்கலாம், அதுவும் நடக்கத்தான். என் அமுச்சிக்கு அறுபத்திரண்டு வயதில் சுகர் வந்ததும் முதல்முறையாகத் தனியாக வீட்டைவிட்டு வெளியே வாக்கிங் போனார். "வியாதி வந்தாத்தான் ரோட்ட பாக்க முடியுது பாரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். காரணத்தைக் கொடுத்தவர்கள் அதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். என் வாதம் இவ்வளவுதான்: உடம்பு, அழகு, மருந்து, சாதனை என்று நாம் எந்தக் காரணத்தைச் சொல்லி வெளியே போனாலும், கதவின் சாவியை உள்ளே இருப்பவர்களிடமே கொடுத்துவிட்டுத்தான் போகிறோம். சும்மா போகிறேன் என்று சொல்ல வேண்டும். சும்மா என்கிற சொல்லைத்தான் அவர்களால் திரும்ப வாங்க முடியாது.

ஆனால் கொங்கு நாட்டில் சும்மா என்பது கெட்ட வார்த்தை. உழைப்புதான் எங்கள் சாமி. பஞ்சாலை, மோட்டார் பம்பு, விசைத்தறி, கோழிப்பண்ணை, பனியன் என்று மழை குறைந்த இந்த மண்ணில் ஜனங்கள் செய்து காட்டியதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்குச் சோறு போட்டதும் அதுதான். ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கோயம்புத்தூரில் எந்த பேக்கரி வாசலுக்கும் சாயங்காலம் போய்ப் பாருங்கள். ஒரு டீயையும் ஒரு பஃப்ஸையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆண்கள் நிற்பார்கள். பைக்கில் சாய்ந்துகொண்டு. ஒன்றும் செய்யாமல். ஊர் முழுக்க ஆயிரக்கணக்கான பேர். எதுக்குங்கண்ணா நிக்கறீங்க என்று ஒருவரும் கேட்பதில்லை. அவர்கள் சும்மா நிற்பது உழைப்பின் இடைவேளை, நாங்கள் சும்மா ஓடுவது வேலைவெட்டி இல்லாதது. மும்பையை வைத்து ஷில்பா பட்கேயும் சமீரா கானும் ஷில்பா ரானடேயும் 2011-இல் ‘வொய் லாய்ட்டர்?’ என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். பெண்கள் பொது இடத்தில் நோக்கமில்லாமல் நிற்கும் உரிமை பற்றி. அதை கோவை பேக்கரி வாசலில் வைத்து யாராவது படித்தால் நன்றாக இருக்கும்.

இனி அவளைப் பற்றி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, பேரு மட்டும் போட்றாத புள்ள" என்றாள்.

பத்தாவது முடித்ததும் அவளை ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம், மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல், கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. சுமங்கலித் திட்டம் என்று இதற்கு மங்களகரமாக ஒரு பெயர் இருந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட மில்களில் ஏழை வீட்டு, பெரும்பாலும் தலித் வீட்டுப் பெண்பிள்ளைகளை இப்படி வைத்திருந்ததைப் பற்றி 2011-இல் நெதர்லாந்திலிருந்து ‘கேப்சர்ட் பை காட்டன்’ என்ற அறிக்கை வந்தபிறகுதான் ஐரோப்பியத் துணிக்கடைகளுக்கு வியர்த்தது. எங்கள் ஊருக்கு அறிக்கை தேவைப்படவில்லை. எந்த வீட்டுப் பெண் எந்த மில்லில் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஹாஸ்டல் கதவிலிருந்து ஷெட் கதவுக்கு இருநூற்றுப் பதினான்கு அடி, அவள் கணக்கில். அதாவது கால்வைப்பு. ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் எண்ணுவாளாம். வேறு என்ன செய்வது? மாதத்துக்கு ஒருமுறை வார்டனோடு வேனில் கடைக்குப் போகலாம். மற்றபடி கேட்டுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. மூன்று வருஷம்.

நாங்கள் ஓட ஆரம்பித்த புதிதில் என் கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் இருந்தது. ஓடி முடித்ததும் அதைக் காட்டி, ஆறாயிரத்துச் சொச்சம் ஸ்டெப்ஸ் போயிருக்கோம்டி என்றேன். அவள் வாட்சைப் பார்த்தாள். "எண்ணாத" என்றாள். நான் விளையாட்டுக்கு என்று நினைத்தேன். "எண்ணாத புள்ள. எண்ணுனா நான் வரல." அன்றைக்குத்தான் அந்த இருநூற்றுப் பதினான்கைச் சொன்னாள். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே இருக்கிறவள், அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

வாட்ச் இப்போது மேஜை டிராயரில் இருக்கிறது.

ஆகவே ஓட்டத்தைச் செயலியில் ஏற்றிப் பகிர்கிற நண்பர்களே, உங்கள் பேஸ், உங்கள் ஹார்ட் ரேட், உங்கள் ஜோன்-டூ எல்லாம் உங்களுக்கு இருக்கட்டும். இப்போது மெதுவாக ஓடுவதுதான் ஃபேஷன் என்றும் அதற்கும் ஒரு எண் இருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். மெதுவாக ஓடுவதையும் ஒரு தேர்வாக்கிவிட்டீர்களே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த மெதுவோட்டத்தின் கதையே வேறு. 1962 டிசம்பரில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்து போனார். அங்கே ஆர்தர் லிடியார்ட் என்பவர் ஊர்ஜனங்களைக் கூட்டிக்கொண்டு மலைத்தடத்தில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தார். பவர்மனால் அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கூட்டத்தில் மாரடைப்பு கண்டு பிழைத்த ஒரு கிழவர் அவருக்காக வேகத்தைக் குறைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூட வந்தார். பவர்மன் ஊருக்குத் திரும்பி ஜாகிங்கைப் பரப்பினார். கொஞ்ச நாளில் ஒரு செருப்புக் கம்பெனியிலும் பங்காளியானார். அதுதான் பிற்பாடு நைக்கி. அந்தக் கிழவர் கூட ஓடியதை மறந்துவிட்டோம், செருப்பு மட்டும் நம் கைக்கு வந்து சேர்ந்தது.

பிங்க் டீ-ஷர்ட் கொடுத்து மகளிர் தினத்தன்று ஐந்து கிலோமீட்டர் ஓடவைப்பவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. நல்ல நோக்கம்தான். ரோட்டை அடைத்து, போலீஸ் நிறுத்தி, டிரம்ஸ் அடித்து ஓடவிடுகிறார்கள். எட்டு மணிக்கு ரோட்டைத் திறந்துவிடுகிறார்கள். மறுநாள் அதே பெண் அதே ரோட்டில் தனியாக ஓடினால் பின்னால் பைக் வரும். ஓட்டத்துக்குள் நுழைய பெண்கள் ஏற்கெனவே நிறையக் காரணம் காட்டியாகிவிட்டது. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் 800 மீட்டர் ஓடி முடித்தவர்கள் களைத்துப்போய்ப் படுத்தார்கள் என்று சொல்லி 1960 வரைக்கும் அந்தப் பந்தயத்தையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓடி முடித்த ஆண்களும்தான் படுக்கிறார்கள். 1967-இல் பாஸ்டனில் கேத்ரின் ஸ்விட்சரின் நம்பர் அட்டையைப் பிய்க்க ஓர் அதிகாரியே ஓடிவந்தார். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் கிடைக்க 1984 ஆனது. நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய புதுக்கோட்டை சாந்தி சௌந்தர்ராஜனிடமிருந்து, பாலினப் பரிசோதனை என்று ஒன்றைச் செய்து, அந்தப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். செங்கல் சூளையில் கூலிவேலை பார்க்கும் நிலைக்கு அவர் போனார். ஜெயித்துக் காட்டினால் கேள்வி நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ள வேண்டும். இட்டேரியில் எதுக்கு ஓடுகிறாய் என்கிறார்கள், மைதானத்தில் நீ யார் என்று கேட்டார்கள்.

இவ்வளவு சத்தமாகப் பேசிவிட்டு ஒன்றை ஒத்துக்கொள்ளாவிட்டால் அது பொய். பால் கேன் அத்தை நாலு மணிக்கு எழுந்து, சாணி வழித்து, பால் கறந்து, நாங்கள் ஓடுகிற தூரத்தை வேலையிலேயே நடந்திருப்பார். அவரிடம் போய் உங்கள் உழைப்பைவிட என் சும்மா உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேனாலேயே அடிப்பார். எனக்குச் சனிக்கிழமை லீவு இருக்கிறது, சம்பளம் மாதாமாதம் வங்கிக்கு வருகிறது, கேட்பதற்கு ஒரு மாமா மட்டும்தான் இருக்கிறார். என் சிநேகிதிக்கு அப்படியில்லை. ஞாயிறு காலை அவள் வீட்டில் ஒரு வாரத்துத் துணி ஊறிக்கொண்டிருக்கிறது. அவள் ஓடப்போவது எங்கள் தெருவில் ஒருவிதமாகவும் அவள் தெருவில் வேறுவிதமாகவும் பேசப்படுகிறது. நாங்கள் எந்த இட்டேரி வழியாகப் போகிறோம், எந்த வேலிக்காரர் எங்களில் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதிலெல்லாம் சாதி இருக்கிறது. அவளிடம் கேட்காத கேள்வியை என்னிடம் மரியாதையாகக் கேட்கிறார்கள். என்னிடம் கேட்காத கேள்வியை அவளிடம் கேட்கிறார்கள்: "ஆருகிட்டக் கேட்டுட்டு இதுக்குள்ள வந்த?"

அப்புறம், மார்கழியில் ஓடுவது சுலபம். இதை நாங்கள் இரண்டாவது வருஷம்தான் கண்டுபிடித்தோம். மார்கழியில் மட்டும்தான் இருட்டில் ரோடு பெண்களுடையது. ஐந்து மணிக்கே வீட்டுக்கு வீடு வாசலில் பெண்கள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். சாணிப் பிள்ளையார், பூசணிப்பூ. கோயில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கும், தெருவிளக்கு எரியும். ஊரைத் தாண்டும்வரை வாசலுக்கு வாசல் யாராவது ஒருத்தர் நிமிர்ந்து பார்ப்பார், பேசுவார். அந்தக் கண்கள்தான் எங்களுக்குக் காவல். அதே கண்கள்தான் எதுக்கு என்றும் கேட்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. தை பிறந்தால் கோலமும் ஆறரை மணிக்குத் தள்ளிப்போய்விடும், ஐந்தேகால் ரோட்டில் நாயும் நாங்களும்தான்.

தையில் எங்கள் பக்கம் பூப்பறிக்கிற நோம்பி என்று ஒன்று உண்டு. காணும் பொங்கலன்று பெண்பிள்ளைகள் எல்லோரும் கூட்டமாகப் பலகாரம் கட்டிக்கொண்டு காடுமேடெல்லாம் சுற்றி ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்து, பொழுதோட வீடு திரும்புவது. அமுச்சி அந்த நாளைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறிவிடும். அன்றைக்குப் பூ பறிப்பது யாருக்கும் தேவையில்லாத வேலை. விற்கப்போவதில்லை, சமைக்கப்போவதில்லை. சும்மா போனார்கள். நம் மரபிலேயே இது இருக்கிறதே என்று யாராவது பெருமையாகச் சொன்னால் என் பதில்: ஆமாம், இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு நாள். மீதி முந்நூற்று அறுபத்து நான்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது அந்த ஒரு நாளும் சுருங்கிவிட்டது. சுற்றுவதற்குக் காடு வேண்டும். நாங்கள் ஓடுகிற இட்டேரியில் ஒரு பக்கக் கொறங்காட்டை சைட் போட்டுவிட்டார்கள். ஜேசிபி விட்டுக் கிளுவையைப் பிடுங்கி, கல் நட்டு, மஞ்சள் கலரில் கொடி கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் வேலி இல்லாத இட்டேரி இட்டேரியே இல்லை, வெறும் ரோடு. தார் போட்டபிறகு லாரி வரும். போன வாரம் அந்த இடத்தைத் தாண்டும்போது அவள் ஒன்றும் பேசவில்லை. கதை பாதியில் நின்றது, ஆனால் கால் நிற்கவில்லை. தாண்டியபிறகு, "சைட்டு என்ன வெல சொல்றான்?" என்று கேட்டாள். சென்ட் இத்தனை என்றேன். "அம்மாடி" என்றாள்.

மார்கழி கடைசி ஞாயிறு. திரும்பி வரும்போது மெயின் ரோட்டில் மில் வேன் ஒன்று நின்றது. ஜன்னலெல்லாம் பனி படிந்து மங்கியிருந்தது. உள்ளே இருந்து ஒரு பெண் கையால் கண்ணாடியைத் துடைத்து வட்டமாக ஒரு ஓட்டை உண்டாக்கி எங்களைப் பார்த்தாள். பதினேழு பதினெட்டு வயது இருக்கும், வடக்கத்திப் பெண் போலத் தெரிந்தாள். இப்போதெல்லாம் ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும்தான் வருகிறார்கள். என் சிநேகிதி கையை ஆட்டினாள். அவளும் ஆட்டினாள். வேன் போய்விட்டது.

சொசைட்டி வாசலில் அத்தை காலிக் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "என்னுங் அம்மிணி, மார்கழி முடியுதுல்ல, இனி நிறுத்திப்போடுவீங்களா?" என்றார்.

"இல்லீங்கத்தே."

"எதுக்குத்தான் ஓடறீங்களோ."

"சும்மாங்கத்தே" என்றாள் அவள், எனக்கு முன்னால்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டார். தை இரண்டாவது ஞாயிறிலிருந்து டார்ச் ஒன்று எடுத்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். நாய்க்கு ஒரு குச்சியும்.